மூக்கோடு முடியாத ஒவ்வாமை

2016 நவம்பர் 21 மாலையை மெல்பர்னில் தொழில் செய்த எந்த மருத்துவரும் மறந்திருக்க முடியாது. பகலில் வெயில் 35 பாகையைத் தொட்டிருந்தது. காற்றில் புல் மகரந்தம் கன மீட்டருக்கு 100 மணிகளைத் தாண்டியிருந்தது. மாலை ஆறு மணியை ஒட்டி இடியும் காற்றுமாக ஒரு புயல் நகரைக் கடந்து போயிற்று. அடுத்த 30 மணி நேரத்தில் மெல்பர்ன், ஜீலோங் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு மூச்சுக் கோளாறோடு வந்தவர்கள் வழக்கத்தைவிட 3,365 பேர் அதிகம். பத்துப் பேர் இறந்தார்கள்.

இந்த எண்களைப் பலரும் எழுதிவிட்டார்கள். இன்னொரு வசந்தம் தொடங்கும் வேளையில் நாம் பேச வேண்டியது, அன்று வந்தவர்கள் யார் என்பதைப் பற்றி. பின்னர் அவர்களை விசாரித்தபோது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஹே ஃபீவர் தொல்லை இருந்தது தெரியவந்தது. ஆஸ்துமா இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தது மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவு. இந்திய, ஆசிய வம்சாவளியினர் மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கைவிட மிக அதிகமாக இருந்தார்கள். “எனக்குத் தும்மல் மட்டும்தான் டாக்டர்” என்று நம் முன்னால் வந்து தமிழில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இவர்கள்தாம்.

காரணம் விளங்காதது அல்ல. ரை புல்லின் மகரந்த மணி 35 மைக்ரோமீட்டருக்கும் பெரியது. மூக்கிலேயே தங்கிவிடும், மூச்சுக்குழாய்களின் ஆழத்துக்குப் போகாது. மழை நீரில் நனைந்தால் அது ஊதி வெடிக்கிறது. ஒரு மணியிலிருந்து ஏறக்குறைய 700 மாவுத்துகள்கள் வெளியேறுகின்றன. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1992இலேயே இதைக் காட்டியிருந்தார்கள். 3 மைக்ரோமீட்டருக்கும் சிறிய அந்தத் துகள்கள் ஒவ்வாமைப் புரதத்தைச் சுமந்துகொண்டு நேரே சிறு மூச்சுக்குழாய்களுக்கு இறங்கிவிடும். மேய்ச்சலுக்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தப் புல், நகருக்கு வடக்கிலும் மேற்கிலும் பரந்து கிடக்கிறது. அந்தத் திசைகளிலிருந்து வரும் வெப்பக் காற்று அதன் மகரந்தத்தை அப்படியே நகருக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. நோயாளிகள் பழி சொல்வதோ வீட்டு வாசலில் மஞ்சளாகப் பூத்திருக்கும் வாட்டில் மரத்தை. அதன் மகரந்தம் கனமானது, அதிக தூரம் பறக்காது. மரத்தை வெட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு நவம்பரில் நிம்மதி இருக்காது.

நம்மவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. ஊரில் இருந்தவரை தும்மலே அறியாதவர்கள், இங்கு வந்து சில வசந்தங்கள் கழிந்தபின் ஒவ்வாமைக்கு ஆளாகிறார்கள். குடியேறி ஆண்டுகள் கூடக்கூட ஹே ஃபீவரும் ஆஸ்துமாவும் கூடுகின்றன என்பது மெல்பர்னில் குடியேறிய ஆசியர்களிடையே முன்பே பார்க்கப்பட்ட ஒன்று. “எங்க குடும்பத்துல யாருக்கும் இழுப்பு கிடையாது” என்று அவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். அந்த உறுதியை நாமும் ஏற்றுக்கொண்டு ஒரு பெட்டி ஆன்டிஹிஸ்டமின் எழுதி அனுப்பிவிடுகிறோம். அதோடு நிறுத்தக் கூடாது. இரவில் இருமலால் விழிப்பு வருகிறதா, படியேறும்போது நெஞ்சு இறுகுகிறதா, சிரித்தால் இருமல் வருகிறதா, புல் வெட்டிய அன்று மூச்சு முட்டுகிறதா என்று கேட்க ஒரு நிமிடம் போதும். ஒன்றுக்கு ஆம் என்றால்கூட ஸ்பைரோமெட்ரி செய்தாக வேண்டும்.

மூக்குக்கான சிகிச்சையையும் நாம் சரியாகச் செய்வதில்லை. ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேதான் முதல் மருந்து. அது அன்றன்று தேவைக்கு அடிக்கும் மருந்தல்ல. பருவத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குவது நல்லது. “அடிச்சுப் பார்த்தேன், பலனில்ல” என்பவரிடம் பாட்டிலைக் கொடுத்து நம் கண் முன்னால் அடிக்கச் சொன்னால் காரணம் உடனே தெரியும். தலையை அண்ணாந்து, முனையை மூக்கின் நடுச்சுவரை நோக்கித் திருப்பி, அழுத்திய கையோடு பலமாக உறிஞ்சுவார். மருந்து தொண்டையில் கசக்கும். நடுச்சுவரில் ரத்தம் கசியும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது துளைக்கு இடக்கையாலும் இடது துளைக்கு வலக்கையாலும், முனை காதுப்பக்கம் பார்க்க அடித்துவிட்டு மெல்ல மூச்சு இழுத்தால் போதும். இதைக் கற்றுக்கொடுக்க மருந்தாளுநர்களே பொருத்தமானவர்கள். இந்த ஆண்டு அவர்கள் ஒவ்வொரு ஸ்பிரேயோடும் இதைச் செய்துகாட்ட வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறோம்.

தூக்கம் வரவழைக்கும் பழைய ஆன்டிஹிஸ்டமின்களைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தர வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு சரியாகப் புல் பூக்கும் காலத்தில்தான் வருகிறது. அடைப்பு நீக்கும் ஸ்பிரேக்கள் ஐந்து நாளைத் தாண்டக் கூடாது.

ஆஸ்துமா உறுதியானவருக்குச் சால்பியூட்டமால் மட்டும் கொடுத்து அனுப்புவதை நம்மில் எவரும் இனிச் செய்யக் கூடாது. ஜீனா வழிகாட்டி 2019இலேயே அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டது. மருந்துச்சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும் அந்த நீல இன்ஹேலர், உள்ளே கனலும் அழற்சியைத் தொடுவதில்லை. ஆண்டு முழுதும் பிரிவென்டர் எடுக்காதவர்கூட, வசந்தத்தில் மட்டும் இழுப்பு வருகிறவரானால் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் முடியும்வரை எடுக்க வேண்டும். ஆகவே அழைத்துப் பேச வேண்டிய மாதம் ஆகஸ்ட்.

புயல் நாளைப் பற்றி நோயாளிகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நாள் முழுக்க வெக்கையில் வெந்தபின் குளிர்காற்று வீசினால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வாசலில் வந்து நிற்பது நம் பழக்கம். வெடித்த துகள்களைத் தரையோடு தள்ளிக்கொண்டு வருவது புயலுக்கு முன் வரும் அந்தக் காற்றுதான். அந்த நேரம் வீட்டுக்குள் இருந்து கதவு ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். வெளிக்காற்றை இழுக்கும் எவாப்பரேட்டிவ் கூலரையும் நிறுத்த வேண்டும். 2017 முதல் விக்டோரிய அரசு புல் மகரந்தப் பருவத்தில் புயல் ஆஸ்துமா முன்னறிவிப்பை வெளியிடுகிறது. கைபேசியில் விக் எமர்ஜென்சி செயலியை நோயாளி எழுந்து போகுமுன் நாமே இறக்கிக் கொடுக்கலாம்.

புதிதாக வந்த மாணவர்களும், குடும்ப மருத்துவர் என்று ஒருவர் இல்லாதவர்களும் நம் அறைக்கு வருவதில்லை. அவர்களைக் கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் மாலைநேரக் கிரிக்கெட் மைதானத்திலும்தான் பிடிக்க முடியும். அங்கே ஒட்டி வைக்க முதலுதவி முறையை இங்கே தருகிறோம். படியெடுத்துக்கொள்ளுங்கள்: நிமிர்ந்து உட்காரவைக்கவும். ஸ்பேசர் வழியாக நீல இன்ஹேலரை ஒவ்வொரு பஃபாக நான்கு முறை அடிக்கவும். ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் காத்திருக்கவும். மூச்சு சீராகவில்லை என்றால் 000ஐ அழைத்து “ஆஸ்துமா” என்று சொல்லவும். ஆம்புலன்ஸ் வரும்வரை நான்கு நான்காகத் தொடரவும். மூச்சு மிகவும் திணறினால் காத்திருக்காமல் உடனே அழைக்கவும்.