கொப்புளத்தின் மேல் பூச்சு: லாபம் யாருக்கு?

துவரம் பருப்பு மூட்டையில் வண்டு விழுந்தால், மூட்டையைப் பிரித்துக் கொட்டி, சலித்து, வெயிலில் காயவைத்த பிறகே விற்பனைக்கு எடுக்கிறோம். வண்டோடு சேர்த்துப் புதுச் சாக்கில் கட்டி விற்பவருக்கு அந்த ஒரு மூட்டையின் காசு கிடைக்கும். மறுமுறை வாடிக்கையாளர் கடை வாசலை மிதிக்கமாட்டார். மளிகைத் தொழிலில் இருக்கும் யாருக்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம்முடைய காரின் பெயிண்டில் கொப்புளம் கிளம்பினால் மட்டும், "பெரிதாக ஒன்றும் வேண்டாம், மேலாகத் தேய்த்து அடித்துக் கொடுத்துவிடப்பா" என்று பேரம் பேசுகிறோம். அந்தப் பேரம்தான் நமக்கு நஷ்டத்தைக் கொண்டுவருகிறது என்பது என் கருத்து.

வணிகர் சங்கப் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் கேட்கலாம். பத்து வயதான பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி கார்கள் இன்று புதிய நடுத்தரக் காரின் விலைக்கே கைமாறுகின்றன. வியாபாரம் விருத்தியானபின் அப்படி ஒரு வண்டி வாங்க ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறதே தவிர, அதைப் பழுது பார்க்கும் செலவு இறங்கவில்லை. அதிலும் உப்புக் காற்று வீசும் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் கதவின் அடி விளிம்பும் சக்கர வளைவும் முதலில் கொப்புளிக்கும் இடங்கள்.

கம்பெனியில் அடிக்கப்படும் பெயிண்ட் ஒரே பூச்சு அல்ல. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட் என்று பொதுவாக நான்கு அடுக்குகள். எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் பருமன்தான். இரண்டு தலைமுடியை அடுக்கி வைத்தது போல. வண்டியின் கூட்டையே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி அடிப்பூச்சைப் பூசுகிறார்கள். மேல்பூச்சை ஏறத்தாழ 140 டிகிரி சூட்டில் வாட்டுகிறார்கள். ஓடி முடித்து வந்த வண்டிக்கு ஒர்க் ஷாப்பில் அந்தச் சூடு வைக்க முடியாது. ரப்பர், பிளாஸ்டிக், ஒயர் எல்லாம் இருப்பதால் 60 டிகிரி அளவோடு நிறுத்த வேண்டும். ஆகவே ஒர்க் ஷாப் பூச்சு நீடித்து நிற்பதும் நிற்காததும் அடிவேலையைப் பொறுத்தது.

கொப்புளம் என்பது மேலே வந்த நோய் அல்ல. அடியிலிருந்து வந்த தகவல். கல் பட்டுக் கீறிய இடத்தில் நீர் இறங்கி, இரும்பு துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு பெயிண்டைத் தூக்குகிறது. துருவே இல்லாமலும் கொப்புளம் வரும். தேய்த்த பரப்பில் கைவியர்வையின் உப்போ, உப்புத்தாள் தேய்த்த நீரின் படிவோ தங்கிவிட்டால், அது பெயிண்டின் ஊடாகவே காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பட்டி பூசிய இடம் நீரைக் குடிக்கும் தன்மையுள்ளது. அது காயாமல் மேலே அடித்தாலும் இதே கதிதான். கம்பிரஸரில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடாவிட்டால் அந்த ஈரமும் காற்றோடு சேர்ந்து பெயிண்டுக்குள் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவசரப்படுத்தி வாங்கும் வேலை சித்திரை வெயிலில் கொப்புளிப்பதற்குக் காரணம் இதுவே.

சரியான வேலை எது? கொப்புளத்தைச் சுற்றிலும் நல்ல பெயிண்ட் வரும்வரை தேய்த்து, துரு முழுவதும் நீங்கி உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். துரு உள்ளிருந்து ஓட்டை போட்டிருந்தால் அந்தத் தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பட்டியால் அடைப்பது ஓட்டைக் கோணிக்குக் காகிதம் ஒட்டுவது போல. பிறகு எபாக்ஸி பிரைமர், தேவையான இடத்தில் மட்டும் மெல்லிய பட்டி, மறுபடியும் பிரைமர், ஒவ்வொன்றும் காய அதற்குரிய நேரம், கடைசியில்தான் நிறம்.

இதில் எது கண்ணுக்குத் தெரிகிறது? கடைசிப் பூச்சின் பளபளப்பு ஒன்றுதான். நாம் மூன்றில் ஒரு பங்கு தொகையைக் குறைத்தால் பெயிண்டர் பளபளப்பில் கை வைக்கமாட்டார். காயவைக்கும் நேரத்திலும், பிரைமரிலும், தேய்க்கும் கூலியிலும்தான் குறைப்பார். வேறு வழி அவருக்கும் இல்லை. விலையை மட்டும் பார்க்கும் வாடிக்கையாளருக்கு எந்தத் தரத்துப் பருப்பை நிறுத்துப் போடுகிறோம் என்பது நமக்குத் தெரியாதா?

சொகுசுக் கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1994-ல் வந்த ஆடி ஏ8, 2003-ல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே ஆகியவற்றின் உடல் முழுவதும் அலுமினியம். வேறு பல வண்டிகளில் பானெட் மட்டும் அலுமினியம். இங்கே பெயிண்டின் அடியில் சிவந்த துரு வராது. வெள்ளைப் பொடி வரும். இரும்பைத் தேய்த்த அதே தாளாலும் பிரஷ்ஷாலும் அலுமினியத்தைத் தேய்த்தால், ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகளே அடுத்த கொப்புளத்துக்கு வித்தாகும். அதற்கெனத் தனிக் கருவி வைத்திருக்கும் இடத்துக்கே அந்த வண்டியைக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது நிறம். வண்டியில் ஒட்டியிருக்கும் நிற எண்ணைக் கொடுத்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். பென்ஸில் 744 என்றால் பிரில்லியண்ட் சில்வர், எண் சரிதான். ஆனால் ஒரே எண்ணுக்குள் தொழிற்சாலை தோறும், ஆண்டு தோறும் சிறு வேறுபாடுகள் உண்டு. பத்து வருட வெயிலும் சேர்ந்தால் கதவும் மட்கார்டும் இரண்டு வண்டிகளிலிருந்து எடுத்தவை போலத் தெரியும். மெட்டாலிக் நிறத்தில் அலுமினியத் துகள்கள் கலந்திருக்கின்றன. ஈரமாக அடித்தால் நிறம் சற்றுக் கறுக்கும். வறட்டி அடித்தால் வெளுக்கும். முத்து வெள்ளைக்கு நடுவில் ஒரு தனிப் பூச்சே உண்டு. அதை எத்தனை முறை அடித்தார்கள் என்பதைப் பொறுத்து நிறம் மாறும்.

ஜவுளிக் கடையில் சேலை எடுக்கும் தாய்மார்கள் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்க்கிறார்களே, அந்த விவேகம் இங்கும் வேண்டும். டியூப் லைட்டில் ஒத்துப்போகும் நிறம் வெயிலில் பிரிந்து தெரியும். ஆகவே தகட்டுத் துண்டில் நிறம் அடித்து, கிளியர் கோட்டும் அடித்துக் காயவைத்து, பழைய பரப்பைப் பாலிஷ் செய்து, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே வண்டியில் கை வைக்கச் சொல்ல வேண்டும். வேலை செய்த கதவோடு நிறத்தை நிறுத்தாமல், பக்கத்துத் தகட்டின் மேல் படிப்படியாகக் கரையவிட்டு, அந்தத் தகடு முழுவதும் கிளியர் கோட் அடிப்பதே முறை. "கெட்டது ஒரு கதவு, நீ ஏன் இரண்டுக்குப் பணம் கேட்கிறாய்?" என்று நாம் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். கேட்பவர் ஏமாற்றுக்காரர் அல்ல, தொழில் தெரிந்தவர்.

இந்தப் பேரத்தில் இன்னொருவரும் பாதிக்கப்படுகிறார். கிளியர் கோட்டோடு கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் பொதுவாக இருக்கிறது. அதன் புகையைச் சுவாசிப்பவருக்குத் தீராத ஆஸ்துமா வரக்கூடும். முகத்தில் கைக்குட்டை கட்டினால் அது நிற்காது. குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். அடிமாட்டு விலைக்கு வேலை வாங்கும்போது அந்தப் பையனின் மூச்சையும் சேர்த்தே பேரம் பேசுகிறோம்.

எல்லோரும் கம்பெனி ஷோரூமுக்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பெயிண்டர்கள் தனி ஒர்க் ஷாப்களில் நிறைய இருக்கிறார்கள். தகடு, அடிவேலை, நிறம், கூலி என்று பிரித்து எழுதிய மதிப்பீடு கேளுங்கள். பிரைமர் அடிக்கும் முன் ஒரு முறை போய்த் தேய்த்த இடத்தைப் பாருங்கள். மீண்டும் கொப்புளித்தால் எத்தனை மாதம் பொறுப்பு என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். வழக்கமான இன்ஷூரன்ஸ் பாலிசியில் துருவும் தேய்மானமும் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் நான்கு கதவுக்கு மேல்பூச்சு வேண்டாம்; ஒரு கதவை ஒழுங்காகச் செய்யுங்கள். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளைக் குச்சியால் சுத்தம் செய்ய ஒரு காசும் செலவில்லை. உள்ளே நீர் தேங்காமல் அதுவே பாதித் துருவைத் தடுக்கும்.

பழைய வண்டி வாங்கும்போது பெயிண்ட் கனம் பார்க்கும் கருவியால் ஒவ்வொரு தகட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். அலுமினியத்தையும் அளக்கும் கருவியாக அது இருக்கட்டும். 300 மைக்ரானுக்கு மேல் காட்டினால் மறுபூச்சு நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். 1000-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது என்றே கொள்ளலாம்.

தராசுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது தரத்துக்கு ஒரு விலை உண்டு என்று வாதாடுகிறோம். அந்தப் பக்கம் போய் நின்றாலும் அதே நியாயத்தைப் பேசுவதுதான் வணிகனுக்கு அழகு. கணக்குப் பார்த்தால் அதுவே லாபமும்கூட.