வலீமாப் பந்தியில் யாருக்கு இடம்?

 

இக்கட்டுரையில் நாம் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. சிலருக்குக் கோபமும் வரலாம். ஆயினும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வலீமாவில் பிரியாணி இல்லாவிட்டால் வலீமாவுக்கு எக்குறையும் வந்துவிடாது. ஆட்டிறைச்சி ஒரு குடும்பத்தின் மானத்தை அளக்கும் அளவுகோல் ஆகாது. கடற்கரையில் வாழும் நம் மக்களின் கல்யாணப் பந்திக்கு மீன் முற்றிலும் தகுந்த உணவு. இஃப்தாருக்கு ஒரு கோப்பைக் கஞ்சியும் மூன்று பேரீச்சம்பழமும் போதும். இவை அனைத்துக்கும் மேலாக, வாசலில் நிற்பவருக்கு இடமில்லாத பந்தியில் எத்தனை வகை உணவு பரிமாறினாலும் அங்கு பரக்கத்தை எதிர்பார்ப்பது வீண்.

"ஹலாலான உணவைக் குறை சொல்ல நீங்கள் யார்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்கமாட்டோம்.

மாமல்லபுரம் தந்த பாடம்

2021 அக்டோபரில் மாமல்லபுரத்தில் நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். தலசயனப் பெருமாள் கோயிலின் அன்னதானப் பந்தியில் அமரச் சென்ற பூஞ்சேரி நரிக்குறவர் சமூகப் பெண் ஒருவர், தம்மைப் பந்தியில் உட்காரவிடாமல் வெளியேற்றியதாகக் கூறினார். அவருடைய பேச்சு காணொளியாக மாநிலமெங்கும் பரவியது. அதே மாதம் 29ஆம் தேதி அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலுக்குச் சென்று, அப்பெண்ணின் அருகில் அமர்ந்து உணவருந்தினார். நவம்பர் 4ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார்.

அந்நாள்களில் நம் வீடுகளிலும் பள்ளிவாசல் திண்ணைகளிலும் அடிக்கடி கேட்ட பேச்சு ஒன்று உண்டு. "நம் மார்க்கத்தில் இப்படியெல்லாம் கிடையாது. நாங்கள் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுகிறவர்கள்" என்பதே அது. மார்க்கத்தைப் பற்றிய அச்சொல் உண்மை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அங்கே முதலாளிக்கென்று ஒரு சோறும் கூலியாளுக்கென்று வேறொரு சோறும் கிடையாது. அடுத்தவர் கை படிந்த உணவில் நம் கையும் படியும்போது மேட்டிமை எண்ணம் தானாகவே கரைகிறது.

ஆனால் மார்க்கத்தின் பெருமையை நம் நடைமுறையின் பெருமையாக்கிக் கொள்ளக் கூடாது. செங்கல்பட்டிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இன்று நடைபெறும் நம் சமூக விருந்துகளைச் சற்று நின்று பாருங்கள். முக்கியப் பிரமுகர்களுக்கு மேலே குளிரூட்டிய தனியறை. மற்றவர்களுக்குக் கீழே நெரிசல் பந்தி. அங்கே நான்கு துண்டு இறைச்சி என்றால் இங்கே ஒன்று. காவலாளியும், பாத்திரம் கழுவும் பெண்ணும், இலை எடுக்கும் பையனும் கடைசியில் மிஞ்சியதை நின்றுகொண்டே உண்கிறார்கள். பாசிமணி விற்கும் பிள்ளைகள் வாசலுக்கு வந்தால் விரட்டுவதற்கென்றே ஓர் ஆள் நிற்கிறார். அங்கு நடந்ததற்கும் இங்கு நடப்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன? அங்கு ஒருவர் எழுந்து நியாயம் கேட்டார். நம் வாசலில் இன்னும் எவரும் கேட்கவில்லை.

ஏழைகளை விட்டுவிட்டுச் செல்வந்தர்களை மட்டும் அழைக்கும் வலீமாவின் உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்னும் கருத்துடைய நபிமொழி அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. எச்சரிக்கையின் கடுமையைக் கவனியுங்கள். உணவு ஹலால்தான், சமைத்த முறையும் ஹலால்தான். அழைப்புப் பட்டியல்தான் அதைக் கெட்ட உணவாக்குகிறது. சமைத்துக் கொண்டுவரும் பணியாளரைத் தம்முடன் அமர்த்தி உண்ணச் செய்ய வேண்டும், இயலாவிட்டால் ஓரிரு கவளமேனும் அவருக்குத் தர வேண்டும், ஏனெனில் அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர் அவர் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். விடியற்காலையிலிருந்து தேக்சாவுக்கு முன்னால் வெந்துகொண்டிருக்கும் பண்டாரிக்கும் அவருடைய ஆள்களுக்கும் நம் முதற்பந்தியில் இடம் உண்டா?

நபியவர்களின் வலீமாக்கள்

"வலீமா என்றாலே பிரியாணிதான்" என்போர் நபியவர்களின் வலீமாக்களைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். அன்னை ஜைனப் (ரலி) அவர்களின் திருமணத்தில் ஓர் ஆடு அறுக்கப்பட்டது. மக்கள் ரொட்டியும் இறைச்சியும் வயிறார உண்டார்கள். ஆகவே இறைச்சி விருந்தும் சுன்னத்தில் உள்ளதே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கைபரிலிருந்து மதீனாவுக்குத் திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமா நடந்தபோது ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பின்மீது பேரீச்சம்பழம், உலர்ந்த பாலாடைக்கட்டி, நெய் ஆகியன வைக்கப்பட்டன. அதுவே விருந்து. மற்றொரு மனைவியின் திருமணத்தில் இரண்டு முத்து வாற்கோதுமையே விருந்தானது. இருகை சேர்த்து அள்ளும் அளவே ஒரு முத்து.

மூன்றும் வலீமாக்களே. எதுவும் மற்றொன்றைவிடக் குறைந்ததன்று. கையில் இருந்ததைக் கொண்டு, கூட இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரே ஓர் ஆட்டைக் கொண்டேனும் வலீமா கொடுங்கள் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டதை நாமெல்லாம் பயானில் கேட்டிருக்கிறோம். அவர் பொருள் படைத்த வணிகர் என்பதையும் அத்துடன் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

இன்று மாதச் சம்பளக்காரர் ஒருவர் வலீமாவுக்காக நகையை அடகு வைக்கிறார். கல்யாணமாகி ஈராண்டு கழித்தும் அக்கடனின் வட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். வட்டி ஹராம் என்று அறிந்த சமூகம், வட்டிக்கு வாங்கிய பணத்தில் வெந்த பிரியாணியை உண்டு "மாஷா அல்லாஹ், அருமையான தம்" என்று பாராட்டிவிட்டுப் போகிறது. அக்கடனைத் தலையில் ஏற்றியது எது? சுன்னத்தா, ஊர்வாயா? உள்ளத்தில் கைவைத்துச் சொல்லுங்கள்.

ஆம்பூருக்கு ஒரு நியாயம், நம் பந்திக்கு ஒரு நியாயமா?

2022 மே மாதத்தில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்துவதாக அறிவித்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை எனத் தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையமும் விளக்கம் கேட்டது. நம் சமூக இளைஞர்கள் பலரும் அப்போது குரல் கொடுத்தார்கள். எளிய மக்களின் உணவைத் தாழ்த்தாதே என்றார்கள். நியாயமான குரல்தான்.

அதே இளைஞர்களின் கல்யாணத்தில் மாட்டிறைச்சிப் பிரியாணி உண்டா? "சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?" என்று ஒதுக்கிவிடுகிறோம். வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் உண்பதைப் பந்தியில் வைக்க வெட்கம். விலை குறைந்தது என்பதாலேயே ஓர் ஹலாலான உணவு மதிப்பில் குறைந்துவிடுமா? அரசு செய்தால் இழிவு, நாம் செய்தால் கௌரவமா? ஆட்டிறைச்சிக்கு வசதியற்ற தகப்பன் மாட்டிறைச்சியோ கோழியோ வைக்கட்டும். அதுவும் இயலாதவர் நெய்ச்சோறும் தால்சாவும் வைக்கட்டும். உண்பவர் வாய் திறந்து குறை சொல்லாதிருக்கட்டும். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்டார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிட்டார்கள் என்பது நம் பிள்ளைகளும் அறிந்த செய்தி.

இறைச்சிக்கும் மதுவைப் போல ஆளைப் பிடித்துக்கொள்ளும் தன்மை உண்டு என்று உமர் (ரலி) அவர்கள் எச்சரித்ததாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம். இறைச்சியை அவர் ஹராமாக்கவில்லை. அதற்கு அடிமையாவதையே கண்டித்தார்.

கடலருகே இருந்தும் மீன் இல்லாத பந்தி

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலையொட்டி வாழ்கிறோம். விடியற்காலையில் கரைக்கு வரும் ஃபைபர் படகில் சங்கராவும் நெத்திலியும் காரப்பொடியும் துள்ளுகின்றன. அவற்றை நாள்தோறும் உண்கிறோம். கல்யாணம் என்றதும் "மீன் விருந்துக்கு ஆகாது" என்கிறோம். இதற்கு ஆதாரம் குர்ஆனிலும் இல்லை, ஹதீஸிலும் இல்லை. கடலில் பிடிப்பது உங்களுக்கு ஆகுமானது என்று மாயிதா அத்தியாயம் தெளிவாகவே அறிவிக்கிறது.

நண்டு, கணவாய் குறித்து ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. இறால் குறித்து ஹனஃபி அறிஞர்களுக்குள்ளேயே இரு கருத்துகள் உள்ளன. ஒருவர் உண்பதை மற்றவர் ஏளனம் செய்யாமல் இருந்தால் போதும். மீனைப் பொறுத்தவரை எவருக்கும் தடையில்லை.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் அது. அக்காலத்தில் பெரிய மீனுக்கு அலையாமல், சிறுபடகுக்காரர் கரைக்குக் கொண்டுவருவதை வாங்கினால் பக்கத்துக் குப்பத்து மீனவருக்கும் வருவாய் கிடைக்கும். விருந்தின் பணம் ஊருக்குள்ளேயே சுற்றட்டும்.

நோன்பு திறப்பா, விருந்துப் போட்டியா?

பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் சேர்ந்த நோன்புக் கஞ்சி தமிழ் முஸ்லிம்களின் தனிச்சொத்து. காய்ந்த வயிற்றுக்கு இதமானது. ஒரே அண்டாவிலிருந்து முதவல்லிக்கும், மூட்டை தூக்குபவருக்கும், பாத்திரத்துடன் வரும் பக்கத்துத் தெரு இந்துச் சகோதரிக்கும் கிடைப்பது. 2001 முதல் தமிழக அரசு ஏறத்தாழ மூவாயிரம் பள்ளிவாசல்களுக்கு இக்கஞ்சிக்காக அரிசி வழங்கிவருகிறது. இத்தனை சிறப்புடைய கஞ்சியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, எண்ணெயில் பொரித்த பத்து வகையையும் வண்ணச் சர்பத்தையும் நடுவில் வைத்துப் படமெடுத்து அனுப்புகிறோம். பெண்கள் அஸர் முதல் மஃரிப் வரை அடுப்படியில் நிற்கிறார்கள். அவர்களுடைய குர்ஆன் ஓதும் நேரத்தை நம் நாக்கு தின்கிறது.

உடலும் சும்மா இருப்பதில்லை. இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு தெரிவித்தது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்னும் நபிவழியைப் பின்பற்ற மருத்துவர் சீட்டு எழுதித் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எழும் மறுப்புகள்

"வசதி இருக்கிறது, செலவழிக்கிறோம். அல்லாஹ் கொடுத்ததை அனுபவிப்பது குற்றமா?" குற்றமில்லை. உண்ணுங்கள், பருகுங்கள் என்ற அதே வசனம்தான் விரயம் செய்யாதீர்கள் என்றும் நிறுத்துகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டுள்ளது. நம் மண்டபத்துக் குப்பைத்தொட்டியும் அக்கணக்கில் சேர்ந்ததே. வசதியுள்ளவர் எளிமையாக நடத்தினால்தான் வசதியற்றவர் தலைநிமிர்ந்து நடத்த முடியும். ஊரின் அளவுகோலை ஏற்றுபவரும் இறக்குபவரும் செல்வந்தரே.

"ஊர் பேசுமே!" பேசட்டும். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் திருமண விருந்தில் ஒரு கறி, ஒரு சோறு, ஓர் இனிப்பு என்று 2016இல் சட்டமே போட்டார்கள். ஊர்வாய்க்கு அஞ்சும் சமூகத்தை அரசாங்கம் வந்து திருத்த வேண்டிய நிலை. நமக்குச் சட்டம் எதற்கு? மஹல்லா ஜமாஅத் ஒன்றுகூடி எடுக்கும் ஒரு முடிவு போதாதா?

"பிரியாணி நம் அடையாளம் அல்லவா?" சுவையான உணவு, சந்தேகமில்லை. ஆனால் ஒரு சமூகம் சமையலால் மட்டும் அறியப்படுவது பெருமையாகாது. பக்கத்து வீட்டார் நம்மை நினைக்கும்போது பண்டிகைநாள் பிரியாணி மட்டும் நினைவுக்கு வந்தால், மற்ற நாள்களில் நாம் அவர்களுக்கு என்னவாக இருந்தோம்? குழம்பில் சற்று நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள் என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டது. நீர் கூடினால் சுவை குறையலாம், உறவு கூடும்.

செய்ய வேண்டியவை

ஜமாஅத்துகள் இதைப் பேசட்டும். ஒரு சோறு, ஒரு கறி, ஓர் இனிப்பு என்ற வரம்பை முதலில் வசதியுள்ள குடும்பங்கள் ஏற்கட்டும். தனியறைப் பந்தி ஒழியட்டும். அழைப்புப் பட்டியல் எழுதும்போது மஹல்லாவின் ஏழைகளை முதற்பக்கத்தில் எழுதுங்கள். பண்டாரியும் பரிமாறுபவர்களும் உண்ட பிறகே மண்டபம் மூடப்படட்டும். சஹனை மீட்டெடுங்கள். கடன் வாங்கி வலீமா கொடுப்பவரிடம், அதை உண்ணப்போகும் நாமே முன்சென்று, "வேண்டாம் பாய், பேரீச்சம்பழமும் தேநீரும் போதும், நாங்கள் வருகிறோம்" என்று சொல்வோம். எளிய விருந்துக்கு மறக்காமல் செல்வோம். அழைப்பை ஏற்பதும் சுன்னத்தே.

இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த சமூகம் இது. வாசலில் மூன்றாமவர் நின்றுகொண்டிருக்கிறார். சற்றே நகர்ந்து இடம் கொடுங்கள்.

அல்லாஹ் நம் உணவில் பரக்கத்தையும் நம் உள்ளங்களில் விசாலத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.