நாள்தோறும் நடக்கும் திருவிழா

ஹாங்காங் எல்லையை ஒட்டியுள்ள ஷென்சென் 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனபோது, அந்த வட்டாரத்தில் சில லட்சம் பேர்தான் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பின்போது அந்த எண்ணிக்கை ஒன்றே முக்கால் கோடியைத் தொட்டிருந்தது. வேலைக்காக மக்கள் வந்து குவியும் ஊருக்குச் சுற்றுலாப் பயணிகளையும் வரவழைக்க வேண்டுமே! 1989இல் சீனப் பெருஞ்சுவர் உள்ளிட்ட புகழ்பெற்ற இடங்களைச் சிறிய மாதிரிகளாக அடுக்கி ஒரு பூங்கா திறந்தார்கள். 1991இல் அதன் பக்கத்திலேயே நாட்டுப்புறப் பண்பாட்டுக் கிராமம் எழுந்தது. தோங் இனத்தாரின் முரசுக் கோபுரம், டாய் இனத்தாரின் மூங்கில் வீடு, மங்கோலியக் கூடாரம் எல்லாம் அங்கே நிஜ அளவில் நிற்கின்றன. ஆடவும் பாடவும் யுன்னான், குய்ச்சோ போன்ற மாகாணங்களிலிருந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அழைத்து வந்தார்கள்.

சீனாவில் அரசு அங்கீகரித்த சிறுபான்மை இனங்கள் 55. மொத்த மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு, அதாவது 12 கோடிக்கும் மேல். அவர்களில் பல இனத்தாரை ஒரே மதியத்தில் சுற்றிப் பார்த்துவிடலாம் என்பதே இந்தப் பூங்காவின் கவர்ச்சி. அதன் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

டாய் மக்களின் நீர் விழாவைப் பாருங்கள். அது அவர்களுடைய புத்தாண்டு. ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வரும். தேரவாத பௌத்தர்களான அவர்கள் முதலில் விகாரைக்குப் போய்ப் புத்தர் சிலையை நீராட்டுவார்கள். பெரியவர்கள் மீது வாழ்த்தி நீர் தெளிப்பார்கள். தெருவில் ஒருவரை ஒருவர் நனைக்கும் கும்மாளமெல்லாம் அதற்குப் பிறகுதான். இன்று டாய்களின் சொந்த மண்ணான சிஷுவாங்பன்னாவிலேயே, கட்டணம் வாங்கும் சுற்றுலாப் பூங்காவில் இந்த நீர் விளையாட்டு தினமும் நடக்கிறது. விகாரையும் பெரியவர்களும் விடுபட்டுவிட்டார்கள். தினமும் புத்தாண்டு பிறந்தால் எந்த நாளுக்காகக் காத்திருப்பது?

முரசுக் கோபுரத்தின் கதையும் இதுதான். தோங் கிராமத்தில் ஊர் கூடுவதும் வழக்குப் பேசுவதும் பாட்டுப் பழகுவதும் அதன் அடியில்தான். ஷென்சென் பூங்காவில் நிற்கும் கோபுரத்தில் யாரும் ஊரைக் கூட்ட முடியாது. அங்கே கூடுவதற்கு ஊர் இல்லை.

பூங்காவில் ஆடும் இளைஞர்களைக் குறை சொல்வதற்கில்லை. அது நேர்மையான உழைப்பு. மலைக் கிராமத்தில் கிடைக்காத சம்பளமும் நகர வாழ்க்கையும் அதனால் கிடைக்கின்றன. ஆனால் எதை ஆடுவது, எப்போது ஆடுவது, வசூலில் யாருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் இல்லாவிட்டால், ஆடப்படுவது அவர்களுடைய பண்பாடு என்று சொல்வதில் பொருள் குறைவு.

குய்ச்சோ மலைகளில் உள்ள சிஜியாங் என்ற, மியாவ் இனத்தாரின் பெரிய கிராமத்தில் வேறொரு வழியை முயன்றிருக்கிறார்கள். அங்கே நுழைவுச்சீட்டு வருவாயில் ஒரு பங்கு ஊர்க்குடும்பங்களுக்குப் போகிறது. பழைய மரவீட்டைப் பழுதில்லாமல் காப்பவர்களுக்குக் கூடுதல் தொகை. கடைவீதியை வெளியூர் வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள், விடுதிகள் பெருகிவிட்டன என்ற குறைகள் இருக்கின்றன. இருந்தாலும், வீடும் வருவாயும் அங்கே வாழ்பவர்களுடையது என்ற கொள்கையாவது இருக்கிறது. அதே மாகாணத்தின் ரோங்ஜியாங்கில் 2023 மே மாதம் கிராமக் கால்பந்துப் போட்டி தொடங்கியது. பரிசு மாடும் பன்றியும். அனுமதி இலவசம். இடைவேளையில் தோங், மியாவ் பெண்கள் வெள்ளி நகைகளோடு வந்து பாடினார்கள், சமைத்ததைப் பரிமாறினார்கள். ஊர்க்காரர்கள் தங்களுக்காக நடத்திய ஆட்டம் அது. அதைப் பார்க்கத்தான் ஊருக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள்.

ஷென்செனில் கவனிக்க வேண்டிய இன்னொரு இடம் பூங்காவுக்கு வெகு அருகில் இருந்த பைஷிசோ. வெளி மாகாணத் தொழிலாளர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் குறைந்த வாடகையில் நெருக்கியடித்து வாழ்ந்த நகரக் கிராமம். 2019இல் அவர்களை வெளியேற்றத் தொடங்கி, பிறகு இடித்தார்கள். மாதிரிக் கிராமம் பராமரிப்போடு நிற்கிறது. மனிதர்கள் குடியிருந்த கிராமம் போய்விட்டது. நகர வளர்ச்சி என்றால் இப்படித்தான் என்று இதை ஏற்க முடியாது.

55 இனத்தாரும் இன்று ஷென்செனில் வசிக்கிறார்கள். ஆலையிலும் உணவகத்திலும் கட்டட வேலையிலும் இருக்கும் அவர்களுக்கு நகரம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பக்கத்துக் குவாங்சியில், சுவாங் மக்கள் கூடிப் பாடும், சீனச் சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாத மூன்றாம் நாள் 2014 முதல் எல்லோருக்கும் பொது விடுமுறை. ஷென்செனில் உழைக்கும் சுவாங் தொழிலாளிக்கு அந்த விடுமுறை இல்லை. அந்த நாளில் அவருக்குச் சம்பளத்தோடு ஓய்வு கொடுக்கட்டும். பண்பாட்டுக் கிராமத்தின் கதவை அன்று கட்டணமின்றித் திறந்து, மேடையையும் நிகழ்ச்சி நிரலையும் அவர்கள் கையில் விடட்டும். பயணிகளும் வரட்டும், விருந்தினராக.