எஸ்டிமேட் போடும் பெண்

"மின்சாரப் படிப்புப் படித்த பெண் ஏணி ஏறித்தான் பிழைக்க வேண்டுமா?" என்று கவலைப்படும் தாய்மார்களே, எஸ்டிமேட் போடும் வேலை இருக்கிறதே! (ஏணி ஏறினாலும் தவறில்லை.) பிளானைப் பார்த்து விளக்கு, விசிறி, பிளக் எல்லாம் எண்ணி, ஒயருக்கும் கூலிக்கும் கணக்குப் போட வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமாவோடு, சில காலம் கான்ட்ராக்டருடன் கட்டடங்களுக்குப் போய்வருவது அவசியம். தரைப் பிளானில் சுவரின் உயரம் தெரியாதல்லவா? கூரை 10 அடி, சுவிட்ச் போர்டு 4½ அடி என்றால், நடுவில் 5½ அடி. ஐந்து சுவிட்சுக்கு ஓர் ஒயர் இறங்கி ஐந்து ஏறினால் 33 அடி ஆயிற்று! இதை விட்டுவிட்டால் கான்ட்ராக்டருக்கு நஷ்டம். கூட்டிப் போட்டாலோ வேலை அடுத்தவருக்குப் போய்விடும். முதலில் உங்கள் வீட்டுக் கூடத்தையே அளந்து கணக்குப் போடச் சொல்லுங்கள். கடையில் விலை விசாரித்து வருவதும் அவள் பொறுப்பே.