கம்பெனி லைப்ரரியும் நாமும்

நண்பர்களே, லைப்ரரி என்றால் பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் ஞாபகம் வருகிற இடம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது தொழிற்சாலைக்குள் இருக்கிற லைப்ரரியைப் பற்றி.

அமெரிக்காவில் ஜான் காட்டன் டேனா என்பவர் 1904-லேயே நியூவார்க் நகரில் வியாபாரிகளுக்கென்று தனி நூலகக் கிளை திறந்தார். நம் நாட்டில் 1952-ல் டெல்லியில் இன்ஸ்டாக் வந்தது. விஞ்ஞானக் கட்டுரைக்கு நகல் கேட்டு எழுதிப் போட்டால் தேடி எடுத்து அனுப்புவார்கள். 2002-ல் அது நிஸ்கேர் ஆனது. 2021-ல் அதுவும் வேறொன்றோடு இணைந்தாயிற்று.

இப்போது பெரிய கம்பெனிகளில் அலமாரி குறைந்து பாஸ்வேர்டு வந்துவிட்டது. வேலையை விட்டால் பாஸ்வேர்டும் போச்சு! சரி, அவர்களுக்கு அதாவது இருக்கிறது. நம்மில் பலர் போய்ச் சேருவது அம்பத்தூரிலோ திருமழிசையிலோ பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கிற பட்டறைக்கு. அங்கே லைப்ரரி என்பது முதலாளி மேஜை டிராயரில் கிடக்கும் பழைய ஜெராக்ஸ் கட்டுதான்.

அதனால் என்ன என்கிறீர்களா? சிவில் நண்பர்களைக் கேளுங்கள். காங்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456-ன் 1978 பதிப்புப்படி ஆர்.சி.சி. வேலைக்கு எம்-15 போதும். 2000-ல் திருத்திய பதிப்பு எம்-20க்குக் குறையக் கூடாது என்றது. பழைய ஜெராக்ஸை நம்பிக் கலவை போட்டால் அந்த ஸ்லாபுக்குக் கீழே குடியிருக்கப் போவது யார்?

இந்தத் தர நூல்களை வெகுகாலம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. கார்ல் மாலமூட் என்ற அமெரிக்கர் 2013-ல் அவற்றை எல்லோரும் பார்க்கும்படி போட்டார். 2015-ல் இரண்டு இந்தியர்களும் அவரோடு சேர்ந்து டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி! இன்று பி.ஐ.எஸ். தளத்தில் பெயரைப் பதிந்தால் பெரும்பாலானவை இலவசம்.

"செல்போன்ல தேடினா வராதா?" என்பீர்கள். வரும். பழசும் புதுசும் கலந்தே வரும். எது செல்லும், எது செல்லாது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேணும்.

ஆண்டு விழாவுக்கு மைக் செட்டும் சீரியல் லைட்டும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கூடவே, நம் லைப்ரரி ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர், பிரிவுக்கு ஒரு மாணவர் என்று யூனியன் ஏற்பாடு செய்யட்டும். பட்டறையிலிருந்து சீனியர் ஒருத்தர் போன் போட்டு, "தம்பி, இந்த நம்பருக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கா?" என்றால் அன்றைக்கே பதில் போகணும். இன்ஸ்டாக் டெல்லியில் செய்ததை நாம் குத்தம்பாக்கம் அளவில் செய்யலாம். பிரின்சிபால் சாரிடம் பேசுவது மட்டும்தான் பாக்கி.

மெக்கானிக்கலுக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். சிவிலுக்கும் எலக்ட்ரிக்கலுக்கும் யார் வர்றீங்க?