வகுப்பறையில் 29 பணயக் கைதிகள்!

ஜப்பானியரைக் கட்டிப் போட்ட டெலிவிஷன் மர்மக் கதை

பள்ளிக்கூடம் முடிய இன்னும் 10 நாட்களே பாக்கி. கடைசி வகுப்பு மாணவ–மாணவிகள் 29 பேர் சிரிப்பும் பேச்சுமாக இருக்கிறார்கள். ஓவிய ஆசிரியர் உள்ளே வருகிறார். சாதுவான மனிதர். பிள்ளைகள் அவரை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

அன்று அவர் சொல்கிறார்: "இந்த நிமிடம் முதல் நீங்கள் எல்லோரும் என் பணயக் கைதிகள்!"

பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உடனே பயங்கர வெடிச் சத்தம் கேட்கிறது! வெளியே போகும் வழி அடைபடுகிறது. சிரிப்பு நின்று போகிறது.

இது நிஜமாக நடந்த சம்பவம் அல்ல. ஜப்பானில் "நிப்பான் டெலிவிஷன்" காட்டிய தொடர் கதை. அதன் பெயர் "மூன்றாம் ஆண்டு ஏ பிரிவு". 2019-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி தொடங்கி மார்ச் 10-ந் தேதி முடிந்தது. ஞாயிறு தோறும் இரவு 10.30 மணிக்கு வந்தது.

மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். ஆனாலும் ஜனங்கள் கண் விழித்துப் பார்த்தார்கள். டோக்கியோ வட்டாரத்தில் முதல் வாரம் 100 வீடுகளுக்குச் சுமார் 10 வீடுகளில் பார்த்தார்கள். கடைசி வாரம் அது 15-ஐத் தாண்டியது.

அப்படி என்ன இருந்தது அந்தக் கதையில்?

ஒரே கேள்வி

ஆசிரியர் பணம் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

சில மாதங்களுக்கு முன்பு அதே வகுப்பு மாணவி காகேயாமா ரெய்னா இறந்து போனாள். அவள் சிறந்த நீச்சல் வீராங்கனை. அவள் ஏன் இறந்தாள்? அதற்கு யார் காரணம்? இரவு 8 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் தவறானால் ஒரு உயிர் போகும்!

ஆசிரியராக நடித்தவர் சுடா மசாக்கி. வகுப்புத் தலைவியாக நடித்தவர் நாகானோ மேய். மற்ற மாணவர்களாக வந்தவர்களில் பலர் அப்போது அவ்வளவாகப் பெயர் பெறாத இளைஞர்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மர்மக் கதையில் பிரபல நடிகர் ஒருவர் சும்மா வந்து போனால், "இவர்தான் குற்றவாளி" என்று வீட்டில் இருப்பவர்கள் ஊகித்து விடுவார்கள். 29 பேரும் புதுமுகம் போல இருந்தால் யாரைச் சந்தேகிப்பது? எல்லோரையும்தான்!

நல்ல வாத்தியார் எங்கே?

ஜப்பானியருக்குப் பள்ளிக்கூடக் கதை புதிது அல்ல. 1979-ம் ஆண்டு "மூன்றாம் ஆண்டு பி பிரிவு கின்பாச்சி வாத்தியார்" என்ற தொடர் தொடங்கியது. டக்கேடா டெட்சுயா வாத்தியாராக நடித்தார். பிள்ளைகளின் கஷ்டத்தைத் தன் கஷ்டமாக நினைக்கும் வாத்தியார் அவர். விட்டு விட்டு 2011 வரை அந்தக் கதை வந்தது. தாய் பார்த்ததை மகளும் பார்த்தாள்.

ஆகவே "மூன்றாம் ஆண்டு ஏ பிரிவு" என்ற பெயரைக் கேட்டதும் இன்னொரு நல்ல வாத்தியார் வரப் போகிறார் என்று ஜனங்கள் நினைத்தார்கள். வந்தவரோ வெடிகுண்டோடு வந்தார். முதல் திடுக்கிடல் அங்கேயே ஆரம்பம்.

அதன் பிறகு கதை ஒரு நாளும் நேர் வழியில் போகவில்லை. செத்தான் என்று நம்பிய மாணவன் உயிரோடு இருக்கிறான். கொடியவர் என்று நினைத்த ஆசிரியர் பிள்ளைகளுக்கு ஏதோ சொல்லித்தர முயல்கிறார். கடைசியில் பார்த்தால் இவரும் நல்ல வாத்தியார்தான். பாடம் நடத்தும் முறைதான் பயங்கரம்!

குற்றவாளி யார்?

ரெய்னா ஊக்க மருந்து சாப்பிட்டு ஜெயித்தாள் என்று காட்டும் படம் ஒன்று பரவியிருந்தது. அது போலிப் படம். அதைப் பரப்பியது ஒருவர், எடுத்தது வேறொருவர், எடுக்கச் சொன்னது இன்னொருவர். வாரம் ஒரு ரகசியம் வெளிவந்தது. சந்தேகம் ஒரு மாணவனிடமிருந்து இன்னொரு மாணவனுக்குத் தாவியது. பிறகு பள்ளியின் வேறொரு ஆசிரியர் மேல் பாய்ந்தது.

ஒரு வாரத்துக்கும் மறு வாரத்துக்கும் இடையே ஆறு நாட்கள். அந்த நாட்களில் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. "அவன்தான்", "இல்லை, அவள்தான்" என்று செல்போனில் எழுதித் தள்ளினார்கள்.

கதாசிரியர் வலை விரித்திருந்தது அங்கேதான்! கதைக்குள்ளும் ஊர் ஜனங்கள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு இன்று ஒருவரைத் திட்டுகிறார்கள்; நாளை இன்னொருவரைத் திட்டுகிறார்கள். கடைசி வாரத்தில் ஆசிரியர் அந்த ஜனங்களைப் பார்த்துப் பேசுகிறார். முகம் தெரியாதவர்கள் யோசிக்காமல் எழுதிய வார்த்தைகளே அந்தப் பெண்ணைச் சாவுக்குத் தள்ளின என்கிறார்.

பத்து வாரமாகக் குற்றவாளியைத் தேடியவர்கள் தங்கள் கையைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இளைஞர்களை இந்தக் கதை பிடித்து இழுத்ததற்குக் காரணம் இதுதான். "செல்போனில் யாரையும் திட்டாதே" என்று நேராகச் சொல்லியிருந்தால் எந்தப் பிள்ளை உட்கார்ந்து கேட்டிருக்கும்? உபதேசத்தை மர்மத்துக்குள் ஒளித்து வைத்தார்கள். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று ஓடி வந்தவர்கள் உபதேசத்தின் வாசலில் வந்து நின்றார்கள்.

கதை நிஜமாயிற்று

தொடர் முடிந்து ஓர் ஆண்டு கழிந்தது. 2020-ம் ஆண்டு மே மாதம் ஜப்பானையே உலுக்கிய சோகம் நடந்தது. கிமுரா ஹானா என்ற மல்யுத்த வீராங்கனை, வயது 22, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில் தோன்றியவர். அதில் அவர் நடந்துகொண்டதைப் பார்த்து, முன்பின் தெரியாதவர்கள் செல்போனில் வசைமாரி பொழிந்திருந்தார்கள்.

அவருடைய தாயார் சட்டம் கடுமையாக வேண்டும் என்று போராடினார். அதுவரை ஒருவரை இழிவாகப் பேசினால் 30 நாளுக்குக் குறைந்த காவல் அல்லது 10,000 யென்னுக்குக் குறைந்த அபராதம்தான். 2022-ம் ஆண்டு ஜூலை மாதம் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. ஓராண்டு வரை சிறை. அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம்.

சட்டம் வசவு எழுதியவரைத் தண்டிக்கும். போன உயிரைத் திருப்பித் தராது. எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பது அவரவர் கையில் இருக்கிறது. கதையில் அந்த ஆசிரியர் 29 பேரைப் பூட்டி வைத்துச் சொல்ல வந்ததும் இவ்வளவுதான்.