ஊருக்கு வர்றீங்க, சாமான் எங்கே வாங்கப் போறீங்க?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படிக்கவும். (டீச்சர் வாயைத் திறந்தால் மணி அடிக்கும் வரை நிறுத்த மாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.)

சென்னையில் இருக்கும் மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். "டீச்சர், நீலகண்டப் பிள்ளையார் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோட வர்றோம். பத்து நாள் இருப்போம். அம்மா எங்ககூட வந்ததுலேருந்து வீடு பூட்டித்தான் கிடக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அங்க நல்லதா கிடைக்குமா, இல்ல இங்கேயே வாங்கி கார்ல போட்டுக்கிட்டு வந்துடவா?"

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நெல்லும் தென்னையும் விளைகிற பேராவூரணிக்கு அரிசியும் தேங்காய் எண்ணெயும் சென்னையிலிருந்து காரில் வருகிறதாம்! பிறகு யோசித்தால், அவர் கேட்டதில் என்ன தப்பு? அவை இப்போதே லாரியில் அப்படித்தானே வருகின்றன. கல்லணைக் கால்வாய்த் தண்ணீருக்குக் காத்திருந்து நம் கடைமடையில் அறுக்கிற நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. நெல்லை விற்றவர் வெளியூர் ஆலையின் பெயர் போட்ட மூட்டையை வாங்கிச் சாப்பிடுகிறார். நம் தேங்காய் காங்கேயம் பக்கம் போய், கொப்பரையாகி, எண்ணெயாகி, பாக்கெட்டில் திரும்பி வருகிறது.

அரிசி என்றதும் ஒரு கணக்கு சொல்லியே ஆக வேண்டும். 2022 ஜூலை 18 முதல், பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. கொஞ்ச நாளிலேயே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது! 26 கிலோவுக்கு அந்த வரி இல்லை. சாக்கைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கிற அரிசிக்கும் இல்லை. மொத்தமாக மூட்டை வாங்க முடியாமல் 5 கிலோ பை வாங்குகிறவர்தான் வரி கட்டுகிறார். ஆகவே பத்து நாளைக்கு வருகிறவர் மளிகைக் கடையில் சில்லறையாக நிறுத்து வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இத்தோடு பதிலை முடித்திருக்கலாம். ஆனால் மளிகைக் கடை என்று எழுதியதும் வேறு ஞாபகங்கள் வந்துவிட்டன.

2003 ஜூலை. அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. அதில் நானும் ஒருத்தி, என் வீட்டுக்காரரும் ஒருவர். ஜூன் சம்பளம் பிள்ளைகள் படிப்புக்குப் போயிருந்தது. கடைத்தெருவில் எங்களுக்கு மாதக் கணக்கு உண்டு. மாதம் பிறந்ததும் சாமான் சீட்டு போகும், சம்பளம் வந்ததும் நோட்டில் வரவு வைப்பார்கள். அந்த மாதம் நான் சீட்டு அனுப்பவில்லை. இனிமேல் சம்பளம் உண்டா என்றே தெரியாதபோது எந்த முகத்தோடு கடன் சொல்வது? பத்தாம் தேதி வாக்கில் கடைப் பையன் சைக்கிளில் வந்து, போன மாதச் சீட்டில் இருந்த அத்தனை சாமானையும் திண்ணையில் இறக்கினான். "சீட்டு வரலைன்னு முதலாளி இதையே போட்டுக் குடுத்துட்டு வரச் சொன்னாரு. நோட்டு கடையிலதான் இருக்காம்." அவ்வளவுதான் சொன்னான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் வேலை திரும்பக் கிடைத்தது. அந்த முதலாளியும் நாங்களும் கடைசி வரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அடுத்தது கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை. தென்னை சாய்ந்த கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களில் பாதிப்பேர் வீட்டுத் தோப்பு அதில் போனது. கரண்ட் இல்லை, ஏடிஎம் இல்லை, போன் இல்லை. கம்ப்யூட்டரை நம்பி வியாபாரம் செய்கிறவர் கடையைத் திறந்தாலும் பில் போட வழியில்லை. மளிகைக் கடையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி அளந்தார்கள்.

இந்த இரண்டு கதையையும் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாண வீட்டில் சொன்னபோது, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தாள். இப்போது நர்ஸாக இருக்கிறாள். நான் முடிக்கும் வரை கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், உங்க வீட்டுக்குச் சைக்கிள்ல சாமான் வந்துச்சு. எங்கம்மா அதே கடைத்தெருவுல கால் கிலோ பருப்பு கடன் கேட்டா, பழைய பாக்கி என்னாச்சுன்னு நாலு பேர் முன்னால கேப்பாங்க. எங்களுக்குப் பின்னால வந்தவங்களுக்கெல்லாம் குடுத்து முடிச்சுட்டுத்தான் எங்களுக்கு. பொட்டலத்தைக் கையில குடுக்க மாட்டாங்க, பலகையில வைப்பாங்க. இப்ப சூப்பர் மார்க்கெட்டுல கூடையை எடுத்துக்கிட்டு நான் பாட்டுக்கு நடக்கிறேன். எந்தத் தெரு, யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேக்க ஆளில்ல. அது எனக்குப் பெருசு டீச்சர்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வருடம் முழுக்க என் எதிரில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்ன பிள்ளை. சாயங்காலம் கடைக்குப் போனால் எங்கே நிற்க வைக்கப்படுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதில்லை என்பதுதான் உண்மை. எங்களுக்குக் கிடைத்த கடன் முதலாளியின் நல்ல மனசால் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் வீடு என்பதும், எங்கள் ஜாதி என்ன என்பதும் அந்த நோட்டில் எழுதாமலே எழுதியிருந்தது.

அன்றிலிருந்து நான் மளிகைக் கடைப் புராணம் பாடுவதில்லை. "சூப்பர் மார்க்கெட் வந்து ஊர் கெட்டுப்போச்சு" என்று குடும்பக் குரூப்பில் யாராவது போட்டால் கைதட்டுப் படம் போடுவதும் இல்லை. பெண்களுக்கு அதில் வேறொரு விடுதலையும் இருக்கிறது. என் அம்மா காலத்தில் பெண்கள் கடைத்தெருவுக்குப் போக மாட்டார்கள். அம்மா சொல்லச் சொல்ல நான் சீட்டு எழுதுவேன், அப்பா வாங்கி வருவார். விலை என்ன, எடை சரியா என்று அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. இன்று என் மருமகள் பாக்கெட்டைத் திருப்பி விலையும் தேதியும் பார்த்துத்தான் கூடையில் போடுகிறாள்.

ஆகவே சோப்பு, பற்பசை, பிஸ்கட், டப்பாவில் அடைத்தது எதுவானாலும் உங்களுக்கு வசதியான கடையில் வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் அது ஒரே கம்பெனிச் சரக்குதான்.

காய்கறிக்கும் மீனுக்கும் அப்படி இல்லை. சுற்றுக் கிராமத்திலிருந்து முருங்கைக்காயும் வாழைக்காயும் கீரையும் கட்டிக்கொண்டு விடியற்காலையில் வந்து சந்தையில் சாக்கு விரித்து உட்காருகிறார்களே, அவர்களிடம் வாங்குங்கள். நீங்கள் கொடுக்கிற நூறு ரூபாய் அன்று இரவே நம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில் உலையாகக் கொதிக்கும். ஆனால் அவர்கள் படும் பாட்டையும் பாருங்கள். மத்தியான வெயிலுக்குக் குடையும் கோணியும்தான். ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதாக ஒரு அம்மா என்னிடம் சொன்னார்.

மகன் சிங்கப்பூரில் இருப்பதால் தேக்கா சந்தைக்குப் போயிருக்கிறேன். அவ்வளவு பணக்கார ஊர், தெருத்தெருவாக சூப்பர் மார்க்கெட், ஆனாலும் சந்தையை ஒழிக்கவில்லை. தெருவில் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அரசாங்கமே கூரை, தண்ணீர்க் குழாய், சாக்கடை, கழிப்பறை என்று கட்டிக்கொடுத்து உள்ளே உட்காரவைத்தது. நம் மாநிலத்திலும் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது இதைத்தானே செய்தோம்? விவசாயிக்கு அடையாள அட்டை, தராசு, தலைக்கு மேல் கூரை, எல்லாரும் பார்க்கிற மாதிரி விலைப் பலகை. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு அலங்கார வளைவு கட்டலாமா என்று கேட்கிறீர்கள். வளைவு இருக்கட்டும். சந்தைக்கு வரும் பெண்களுக்கு இரண்டு கழிப்பறை கட்ட அனுமதி வாங்க முடியுமா என்று விசாரியுங்கள். அலைய நான் தயார்.

கடைத்தெருவில் மளிகைக் கடை நடத்தும் என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அப்பா காலத்து நோட்டை மூடிவிடாதீர்கள். அந்த நோட்டில் எல்லாத் தெருவின் பெயரும் இருக்கட்டும். வந்த வரிசையில் நிறுத்துக் கொடுங்கள். பொட்டலத்தைக் கையில் கொடுங்கள். அந்தக் காலத்துக் கதை டீச்சர் என்று சொல்வீர்கள். இருக்கலாம். அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள், அவர்கள் மறக்கவில்லை.

கேட்ட தம்பிக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போகத் தடை. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். பெரிய மீன் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம், கிடைக்கிற நண்டையும் பொடிமீனையும் வாங்கிக்கொள்ளுங்கள். காரில் அரிசி மூட்டை ஏற்ற வேண்டாம், அந்த இடத்தில் அம்மா காலை நீட்டி உட்காரட்டும். வந்து சேர்ந்ததும் போன் பண்ணுங்கள். சந்தைக்கு நானும் வருகிறேன், இரண்டு மஞ்சப்பை எடுத்து வையுங்கள்.